பதிவேட்டில் இல்லாத கைகள்



இம்மாதப் பாடம் நம் ஊரைப் பற்றியது. மதுரையில் வேலை தெரிந்தவர் யார் என்று கேட்டால், ஒரு கம்பெனியின் பெயரையோ ஒரு படிப்பின் பெயரையோதான் உடனே சொல்கிறோம். "அவர் மில்லில் இருந்தவர்", "இவர் பாலிடெக்னிக் முடித்தவர்" என்கிறோம். இருபது வருடமாகத் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காத பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிக் கேட்டால், "அவங்க வீட்டிலதான் இருக்காங்க" என்று முடித்துவிடுகிறோம். அந்த ஒரு பதிலால் அந்தப் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மதுரை தொழில் நகரமான கதை பலருக்கும் தெரியும். ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி சகோதரர்களின் மில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. 1920-களில் கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில்லைத் தொடங்கினார். டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கேதான் பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் கே.புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. மில் சங்கு ஊதினால் ஊருக்கே மணி தெரிந்தது. மில் தொழிலாளர்களுக்காக ஹார்விபட்டி என்று ஒரு ஊரே உண்டானது.

மில் வேலை சுகமானதல்ல. பஞ்சுத் தூசியும் இரவு ஷிப்ட்டும் மனிதரை அரித்தன. ஆனாலும் மில் வாசலுக்குள் போனவருக்கு ஒன்று கிடைத்தது. அவருடைய பெயர் ஒரு பதிவேட்டில் ஏறியது. 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1952-ன் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் அந்தப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவரிடம் வந்து சேர்ந்தன. நோய் வந்தால் மருத்துவமனை, வேலை முடிந்தால் கையில் ஒரு தொகை, சண்டை வந்தால் சங்கம். வாசலுக்கு வெளியே இருந்தவருக்கு எவ்வளவு தொழில் தெரிந்திருந்தாலும் இவற்றில் ஒன்றும் இல்லை.

மில் பணம் நல்ல வழியிலும் போனது. அதை மறைப்பது நியாயமாகாது. கருமுத்து தியாகராசர் 1949-ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். 1937-ல் இதே மதுரையில் பிறந்த ஒரு முஸ்லிம் பையன் அங்கேதான் தமிழ் படித்து, கவிக்கோ அப்துல் ரகுமான் ஆனார்; 1999-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். திறமை அவரிடம் முன்பே இருந்தது. நடந்து போகிற தூரத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது என்பதுதான் கூடுதல். அப்படி வாசல் கிடைக்காதவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

இனி சுங்குடிச் சேலைக்கு வருவோம். நாயக்கர் காலத்திலேயே மதுரையில் குடியேறியிருந்த சௌராஷ்டிர சமூகத்தாரின் கைத்திறன் இது. துணியை மடித்துப் புள்ளிகளைக் குறித்துக்கொள்வார்கள். குறித்த இடத்தில் நகத்தால் ஒரு துளி துணியைத் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாமல் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். நெருக்கமாகப் புள்ளி வைத்த சேலைக்கு 20,000 முடிச்சு வரை போடுவதுண்டு. நாள் கணக்கில் கண்ணும் விரலும் அதிலேயே இருக்க வேண்டும். முடிச்சு தளர்ந்தால் சாயம் உள்ளே போய்விடும். அதிகம் இறுக்கினால் துணி கிழியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த அளவு முடிச்சுப் போடும் பெண்ணின் விரலில் இருக்கிறது.

முடிச்சு வேலை பெரும்பாலும் வீட்டில் நடக்கிறது, செய்பவர்கள் பெண்கள். துணியை ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார், முடித்ததை வாங்கிப் போவார். கூலி முடிச்சுக் கணக்கில். அந்தப் பெண்ணுக்குச் சாயப்பட்டறைக்காரர் யாரென்று தெரியலாம், தெரியாமலும் போகலாம். சேலையை வாங்குகிறவருக்கோ முடிச்சுப் போட்டவரைத் தெரியவே தெரியாது.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு பொருளுக்குக் கிடைப்பது. முடிச்சுப் போட்ட கைக்குத் தானாக வந்து சேராது. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 1999-ன் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில், பொருளைச் செய்கிற எவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. கைவினைப் பொருள் என்றால் அதைச் செய்பவரே சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர். வழி இருந்தும், கூலிக்கு முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

இதற்கிடையே அச்சடித்த துணியும் சுங்குடி என்ற பெயரிலேயே கடைக்கு வருகிறது. மலிவாகத்தான் கிடைக்கும். வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: கையால் கட்டிய துணியில் புள்ளியிருக்கும் இடம் லேசாக மேலெழும்பியிருக்கும், தடவினால் விரலில் படும், புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்காது. அச்சில் எல்லாம் தட்டையாக, ஒரே அளவில் இருக்கும். வசதி உள்ளவர்கள் நிகாஹ் ஜவுளி எடுக்கும்போது ஒன்றிரண்டாவது கட்டியதாகக் கேட்டு வாங்கினால் அந்தக் கூலி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

சுங்குடியை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம், நம் வீடுகளிலும் இதே கதைதான் நடக்கிறது. தையல், ஆரி வேலை, கல் பதிப்பது, காஜா அடித்துப் பட்டன் வைப்பது, ஆர்டருக்குப் பிரியாணி சமைப்பது, பலகாரம் போடுவது, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, குர்ஆன் ஓதிக் கொடுப்பது. இவற்றைச் செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்த அலுவலகத்திலும் விவரம் கிடைக்காது. நீதிபதி சச்சார் குழு 2006-ல் தந்த அறிக்கையில் 2001 கணக்கெடுப்பின் விவரங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் அன்று மொத்த எழுத்தறிவு 73.5 சதவீதம், முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். படிப்பில் நம் மாநிலத்து முஸ்லிம்கள் பின்தங்கவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பெண்களில் 25.6 சதவீதம் பேர் வேலை செய்பவர்களாக எழுதப்பட்டபோது, முஸ்லிம் பெண்களில் அப்படி எழுதப்பட்டவர்கள் 14.1 சதவீதம் மட்டுமே.

இதில் உண்மையாகவே வேலைக்கு வராதவர்கள் பலர் இருப்பார்கள். வேலை செய்தும் எழுதப்படாதவர்களும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்கிறார். வீட்டு ஆண் பதில் சொல்கிறார். "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?" "இல்லைங்க, வீட்டிலதான்." உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்பு விதியோ வேறு. வீட்டிலிருந்தபடி பொருள் செய்வது வீட்டுத் தொழில் என்ற பிரிவில் வரும். குடும்பக் கடையிலோ தொழிலிலோ சம்பளம் இல்லாமல் உதவுவதும் வேலைதான். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாகச் செய்தாலும் குறுகிய கால வேலை என்று எழுத இடம் உண்டு. "போறாங்களா?" என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் அடிபட்டுப் போகிறது.

எழுதினால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். திருநெல்வேலி மேலப்பாளையத்தைப் பாருங்கள். அங்கே முஸ்லிம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். உடம்பைக் கெடுக்கும் தொழில், கூலியும் குறைவு. அதைப் புகழ நாம் இதைச் சொல்லவில்லை. ஆனால் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வருங்கால வைப்பு நிதி, அடையாள அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று பல அதன் வழியே வந்தன. வீட்டில் உட்கார்ந்து சட்டை தைக்கும் மதுரைப் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். ஒருவர் பெயர் எழுதப்பட்டது, இன்னொருவர் பெயர் எழுதப்படவில்லை.

மதுரையைவிடப் பெரிய மில் நகரம் அகமதாபாத். அங்கே மில்களில் மிஞ்சும் துண்டுத் துணிகளை இணைத்து மெத்தை உறை தைக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர். மில் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய இலா பட் என்ற பெண்மணி இத்தகைய பெண்களைச் சேர்த்து 1972-ல் 'சேவா' என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனார். முதலாளி யாரென்றே காட்ட முடியாதவர்கள் எப்படித் தொழிற்சங்கம் வைப்பது என்று பதிவு அலுவலகம் தயங்கியது. முதலாளியோடு சண்டை போட மட்டுமல்ல சங்கம், தொழிலாளர்கள் ஒன்றுசேரவும்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். அதே பெண்களின் முயற்சி வளர்ந்து, 1996-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழித் தொழிலாளர்களுக்கென்றே 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவின் கதை அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர், வயல் கூலி. ஆனால் கூலிப் பேச்சை முன்னின்று பேசி முடிப்பவர், கணக்கு மனதிலேயே நிற்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து, கந்துவட்டியில் மாட்டிய பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டினார். 2001 ஜனவரியில் டெல்லியில் பெண் சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. மதுரையில் பலருக்கு அவர் யாரென்று தெரிந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. இத்தனைக்கும் பிறகு, தமக்குச் சொன்ன வீடு கிடைக்கவில்லை என்று அவர் கூறியது 2024-ல் செய்தியானது. அதன்பின் முதலமைச்சர் வீடு கட்டித் தர உத்தரவிட்டார். பத்மஸ்ரீ வாங்கியவருக்கே வீடு வர இத்தனை ஆண்டு என்றால், விருது பெறாதவர் எந்த வாசலில் நிற்பார்?

இதே மதுரை வேறு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டார். ஆளின் தோற்றத்தைப் பார்த்து "இவரால் முடியாது" என்று சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். சுற்றுவட்டக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த பெண்பிள்ளைகளை அவர்கள் தேடிச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை அரங்கில் கை கொடுப்பது எல்லாம் அந்தப் பெண்களின் பொறுப்பானது. மருத்துவர் அறுவையை மட்டும் கவனித்தால் போதும் என்றானதால்தான் அத்தனை ஏழைகளுக்குக் கண் கிடைத்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பெண்களில் பலர் இன்று ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

மஹல்லாக்களிலும் பார்வை சில நேரம் நகரத்தைப் போலவே இருக்கிறது. மதீனாவில் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்த பெண் ஒருவர் இரவில் இறந்துபோனார். பெரிய விஷயமில்லை என்று எண்ணி மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று நபியவர்கள் தாமாகவே விசாரித்தார்கள். எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லிப் போய்த் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது, நம் ஆலிம்கள் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் பள்ளிவாசலில் ஹவுல் கழுவுகிறவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

பட்டறையில் பத்து வருடம் லேத் பிடித்த பையன், வெல்டிங் தெரிந்தவர், ஏசி மெக்கானிக், வயரிங் செய்பவர் பலரிடம் சான்றிதழ் இல்லை. அதனாலேயே தொழிற்பேட்டைக் கம்பெனியிலும் வளைகுடா விசாவிலும் 'ஹெல்பர்' என்ற பெயரில்தான் போகிறார்கள். சம்பளத்தில் வித்தியாசம் அங்கே தொடங்குகிறது. ஐ.டி.ஐ.யில் படிக்காமலே, குறிப்பிட்ட ஆண்டு அனுபவத்தைக் காட்டி, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத அரசு வழி வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு அறிவிப்பு வெளியிடும், கே.புதூரில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கலாம். பட்டறை முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் கேட்கும்போது அனுபவச் சான்றை எழுதிக் கொடுங்கள். சான்று கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவான் என்ற பயம் புரிகிறது. ஆனாலும் கொடுங்கள்.

வீட்டில் தைக்கும் சகோதரிகள் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதியலாம். 18 வயது முதல் 60 வரை உள்ளவர்கள் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. மதுரையில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் இதைக் கவனிக்கிறது. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் உதவி நின்றுவிடும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. இல்லாத 16 முதல் 59 வயதுக்காரர்கள் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் இலவசமாகப் பதியலாம்.

இமாம்கள், மோதினார்கள், அரபி ஆசிரியர்கள், தர்கா, மதரஸா, அடக்கஸ்தலம், அநாதை இல்லம் ஆகியவற்றின் பணியாளர்களுக்கு 2009-ல் உருவான உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் பள்ளியில் யார் யார் இன்னும் பதியவில்லை என்று இந்த வாரமே பார்த்துவிடலாம்.

எங்கள் பங்குக்கு, ஒவ்வொரு மஹல்லாவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். உதவி கேட்டு வரும் குடும்பத்திடம் என்ன கஷ்டம் என்று கேட்பதோடு, வீட்டில் யாருக்கு என்ன வேலை தெரியும், எங்கே கற்றார், இப்போது யாருக்குச் செய்து கொடுக்கிறார் என்றும் கேட்டு எழுத வேண்டும். கேள்வியைப் பெண்களிடம் பெண்களே கேட்பது நல்லது. ஜகாத் பணத்தில் மாதம் அரிசி வாங்கிக் கொடுக்கும் வீட்டில் ஒரு நல்ல ஆரி வேலைக்காரி இருக்கலாம். ஒரு சட்டமும் ஊசியும் நூலும் சரக்கு வாங்க முன்பணமும் கிடைத்தால் அவர் அடுத்த ரமலானில் ஜகாத் கேட்டு வரவேண்டிய நிலை இருக்காது. தெரிந்தால்தானே கொடுக்க முடியும்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. கணக்கெடுப்பவர் வரும்போது, முடிந்தவரை வேலை செய்யும் பெண்ணே முன்வந்து பதில் சொல்லட்டும். "வீட்டிலேயே தைத்துக் கூலி வாங்குகிறேன்", "கடைக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன்", "கணவரின் கடையில் உட்காருகிறேன்" என்று செய்வதை அப்படியே சொல்லுங்கள். ஆண்டில் எத்தனை மாதம் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள். இதனால் ரேஷன் அட்டை போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கணக்கெடுப்பில் ஒருவர் தரும் தகவலை வேறு காரியத்துக்கு வெளியிடக் கூடாது என்பது 1948-ன் கணக்கெடுப்புச் சட்டம்.

நல வாரியப் படிவம் நிரப்ப, ஜுமுஆவுக்குப் பிறகு நமது அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், கைநாட்டும் செல்லும்.